ஒட்டுக் குடித்தனம்

பதினோராவது அத்தியாயத்தில் நான் கொன்றுவிட்ட மாமனார், பதினாறாவது அத்தியாயத்தில் எழுந்து வந்து காபி கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. சர்க்கரை கம்மி என்று மருமகளைக் கடிந்தும் கொண்டார். பத்திரிகையின் உதவி ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், மிகவும் மரியாதைக்காரர். அத்தியாயம் அவர் கைக்குப் போன அன்று சாயங்காலம் டெலிபோனில் கூப்பிட்டார்.

"சார், ஒரு சின்னச் சந்தேகம். தணிகாசலத்துக்குத் தம்பி யாராவது உண்டா?"

"இல்லையே, ஏன்?"

"இல்லை சார்... போன மாசம்தான் அவருக்குக் காரியம் பண்ணி முடிச்சோம். இந்த வாரம் காபி குடிக்கிறாரே, அதனால கேட்டேன்."

எனக்குக் காது சுட்டது. அவர் சிரிக்கவில்லை. "நானே பார்த்துக்கறேன் சார். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் குடிக்க வெச்சிடலாம்" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார். அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் குடித்தார். வாசகர்களில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

இது நடந்தது 2021 ஆகஸ்டில். அந்த வருஷம் மே மாதம் சென்னை இருந்த இருப்பை நான் விவரிக்க வேண்டியதில்லை. ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றி ஆம்புலன்ஸ் ஊளையிடாத நாழிகை இல்லை. எனக்கும் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகவில்லை. மாடி அறையில் பதினைந்து நாள் கிடந்தேன். ஜுரம் போயிற்று, இருமல் போயிற்று. ஜூன் கடைசியில் ரசத்தின் வாசனைகூடத் திரும்பி வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வராதது ஒன்று உண்டு என்று மெல்ல மெல்லத் தெரிந்தது.

ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும்போது அதன் முதல் வரி என்னவென்று தெரியாது. மாடிக்கு எதற்காக ஏறினோம் என்று மாடியில் நின்று யோசிப்பேன். ஒருநாள் ஜாம்பஜாரில் காய்கறிக்காரம்மாள் முன்னால் நின்றுகொண்டு, கண்ணெதிரே கட்டுக்கட்டாகக் கிடக்கும் முருங்கைக்காயின் பெயர் வராமல், "அந்த நீளமா, பச்சையா இருக்குமே..." என்று இழுத்தேன். அவள் ஒன்றை உருவி என் கையில் கொடுத்து, "பேர்ல என்னா இருக்குது நைனா, கொழம்புல போட்டா சரி" என்றாள். அவளுக்குச் சரி. வார்த்தையை விற்றுச் சாப்பிடுகிறவன் நான். முருங்கைக்காய் இன்றைக்குப் போனால் நாளைக்கு எது போகும்?

எங்கள் டாக்டர் இரண்டு தலைமுறையாகக் குடும்பத்தை அறிந்தவர். ஒளிக்காமல் சொன்னேன். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சர்க்கரை, தைராய்டு, பி-12 சத்து மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றார். மறதிக்குச் சிகிச்சை செய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கும்போது, அவற்றைத் தேடாமலே 'வயசாச்சு' என்று சொல்வது வைத்தியம் அல்ல என்பது அவர் கட்சி. தூக்கம் எப்படி, மனசு எப்படி என்றும் விசாரித்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சொன்னார்: "இது சோம்பேறித்தனம் இல்லை. இந்த மாதிரி இப்போ நிறையப் பேர் வர்றாங்க. உங்களை நீங்களே விரட்டிக்காதீங்க. குறிச்சு வெச்சுக்குங்க, தூங்குங்க, கொஞ்சம் கொஞ்சமா எழுதுங்க."

அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். பின்னால் கணக்கும் வந்தது. இங்கிலாந்தில் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே மூளையைப் படம் எடுத்து வைத்திருந்தவர்களில் 785 பேரை மறுபடியும் அழைத்துப் படம் எடுத்தார்கள். இடையில் 401 பேருக்குக் கொரோனா வந்து போயிருந்தது. அவர்களுக்கு, வாசனையோடும் ஞாபகத்தோடும் சம்பந்தப்பட்ட சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சற்றே அதிகமாக மெலிந்திருந்ததாக 2022-ல் வெளியிட்டார்கள். அதே தேசத்தில் 1,12,000-க்கு மேற்பட்டவர்களுக்கு ஞாபகப் பரீட்சையும் யோசனைப் பரீட்சையும் வைத்து 2024-ல் முடிவு சொன்னார்கள். கொரோனா வந்து முழுக்க ஆறியவர்களுக்கு, வராதவர்களைவிட ஐ.க்யூ. கணக்கில் சுமார் மூன்று புள்ளி குறைவு. உபாதை விடாமல் நீடித்தவர்களுக்கு ஆறு புள்ளி. மூன்று புள்ளி பெரிய நஷ்டம் அல்ல. ஆனால் ஒரு மாமனாரை உயிரோடு எழுப்ப அது போதும் போலிருக்கிறது.

எனக்குப் பத்து மாதத்தில் தெளிந்துவிட்டது. தெளிந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. உதவி ஆசிரியர் அன்றைக்கு என்னிடம் காட்டிய பொறுமையை நான் ஒருத்தியிடம் காட்டவில்லை என்ற ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் மறந்து போனபோதுகூட இது மட்டும் மறக்கவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு மூத்தவள், 1941-ல் பிறந்தவள். இளம் வயதிலேயே தாலியை இழந்து, பீட்டர்ஸ் ரோட்டுக்குப் பின்புறம் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, கடைசி வரையில் இங்கேயே இருந்தாள். நான் காலேஜில் பரீட்சை எழுதாமல் பாதியில் வெளியே வந்தவன். நான் உருப்படியாகப் படித்த படிப்பு அத்தையிடம் படித்ததுதான். 1953-ல் டிராம் நின்று போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. டிராம் வண்டி வளைவில் திரும்பும்போது எழுப்பும் சத்தத்தை அவள் வாயாலேயே செய்து காட்டுவாள். எந்த வீட்டில் யார் ஒட்டுக் குடித்தனம் இருந்தார்கள், யார் வாடகை பாக்கியோடு ராத்திரியில் ஓடினார்கள், யார் பெண் யாருக்காகக் கிணற்றடியில் நின்றாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். என் முதல் நாவலை விமர்சகர்கள் 'நுட்பமான கவனிப்பு' என்று பாராட்டினார்கள். கவனித்தவள் அத்தை. நான் எழுதிக்கொண்டேன்.

2015-ம் வருஷம் அத்தைக்கு முதுகிலிருந்து மார்பு வரையில் இடது பக்கமாக, ஒட்டியாணத்தைப் பாதியாக வெட்டி ஒட்டினதுபோல் கொப்புளம் கண்டது. தொட்டால் நெருப்பு. "அக்கிடா கண்ணு, கொசப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போ, எழுதிக்கிட்டு வந்துடலாம்" என்றாள். கொசப்பேட்டை பானை வனைகிறவர்கள் வாழ்ந்த பேட்டை. அங்கே ஒரு கிழவர் செங்காவியைக் குழைத்து அவள் முதுகில் என்னவோ எழுதினார். சிங்கம் என்றார், எனக்குப் பூனைபோலத் தெரிந்தது. எழுத்தினால் வியாதி போகும் என்று நம்புகிற ஒரே வைத்தியம் இதுதான் என்று எழுத்தாளனுக்கு உரிய கர்வத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரிடம் போனது ஐந்தாவது நாள். கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் மாத்திரை ஆரம்பித்திருக்க வேண்டும் என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அக்கி என்பது புதிதாக வந்து ஒட்டும் வியாதி அல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு ஒன்பது வயதில் விளையாட்டம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். கொப்புளம் இறங்கியது உண்மை. கிருமி வாசலைத் தாண்டவில்லை. தோலிலிருந்து நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பை ஒட்டிய ஒரு நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டது. வாடகை இல்லை, சத்தம் இல்லை. அறுபத்தைந்து வருஷம் ஒட்டுக் குடித்தனம். வீட்டுக்காரருக்குத் தெம்பு இருக்கிற வரையில் அது வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். முதுமையோ, வேறு வியாதியோ வந்து காவல் தளர்ந்தால், தான் குடியிருந்த நரம்பின் வழியாகவே கீழே இறங்கி வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, ஒரு பட்டையாகப் போடுகிறது. அம்மை கண்ட ஒவ்வொருவர் உடம்பிலும் இந்தக் குடித்தனம் உண்டு. எனக்கும் உண்டு. உங்களில் பலருக்கும் இருக்கும்.

கொப்புளம் ஆறிற்று. வலி ஆறு மாதம் இருந்தது. அதன்பின் இரண்டு வருஷத்தில் அத்தை மறக்கத் தொடங்கினாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணையும். சாவி அரிசிப் பானைக்குள் இருக்கும். "பால்காரனுக்குக் காசு குடுத்தியா கண்ணு?" என்று காலையில் கேட்டதைப் பத்து மணிக்கும் கேட்பாள், பன்னிரண்டுக்கும் கேட்பாள். எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு மூன்றாவது தடவை பதில் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. ஆனால் நான் உண்மையில் கோபப்பட்டது பாலுக்காகவும் சாவிக்காகவும் அல்ல. என் சுரங்கம் வற்றிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று.

அத்தை அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1948-ல் ஒரு மழை ராத்திரி என் பாட்டிக்குப் பிரசவ வலி கண்டது. தாத்தா எங்கேயோ ஓடி ஒரு ஜட்காவைப் பிடித்து வந்தார். பீட்டர்ஸ் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஜட்காக்கார பாய் இறங்கிக் குதிரையின் வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தே கோஷா ஆஸ்பத்திரி வரையில் கொண்டு சேர்த்தார். ஏழு வயது அத்தை உள்ளே பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாத்தா நாலணாவை நீட்டியபோது, "பிள்ளை பெறப் போறவங்ககிட்ட காசு வாங்கறதில்லை" என்று பாய் போய்விட்டார். அன்று பிறந்த பிள்ளைதான் என் அப்பா. இதை அப்படியே நாவலில் எழுதியிருக்கிறேன். கூட்டங்களில் அந்த இடத்தைச் சொல்லிக் கண் கலங்கினவர்கள் உண்டு.

2018-ல் ஒருநாள், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நண்பரிடம் அத்தை இந்தக் கதையைச் சொன்னாள். முடிவு வேறாக இருந்தது. பாய் நாலணாவை வாங்கிக்கொண்டாராம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, "ராத்திரி குதிரைக்குப் புல்லு வாங்கணும், அதனாலதான் வாங்கிட்டேன். விடிஞ்சதும் சவாரி கிடைச்சுது" என்று அதே நாலணாவைத் தாத்தா கையில் கொடுத்து, "பிள்ளை கையில வைங்க" என்றாராம்.

நண்பர் முன்னால் நான் சொன்னேன்: "அத்தே, நீ சொன்னதே வேற. அவர் காசே வாங்கலை. புஸ்தகத்துல அச்சாகியிருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

அத்தை என்னையே பார்த்தாள். "அப்படியா? புஸ்தகத்துலயே போட்டிருக்கா? அப்ப அதுதான் சரியா இருக்கும் கண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கதை சொல்லவில்லை. கேட்டால், "எனக்கெங்கே ஞாபகம், நீ எழுதி வெச்சிருப்பே, பாரு" என்பாள். 2019 பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

அக்கியினால்தான் அத்தைக்கு மறதி வந்ததா? என் புத்திக்கு நீர் வார்த்த அந்த மே மாதத்துக்குப் பிறகு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கிருமி மனத்தைத் தொடும் என்பது கதை அல்ல. அதற்கு மறுக்க முடியாத சாட்சி எச்.ஐ.வி. அது நம் தேசத்தில் இருக்கிறது என்பதே சென்னையில்தான் தெரிந்தது. 1986-ல் மதராஸ் மெடிகல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூரில் சோதித்து, அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமி உடம்பில் நுழைந்த சில வாரத்துக்குள்ளேயே மூளைக்கும் போய்விடுகிறது. சரியான மருந்து இல்லாத நாளில், நோய் முற்றியவர்களில் பலருக்கு ஞாபகம் குலைந்து, யோசனை மந்தமாகி, கையெழுத்துக் கோணிப் போனதை உலகமெங்கும் டாக்டர்கள் பார்த்தார்கள். 1996-ஐ ஒட்டிக் கூட்டு மருந்து வந்தது. நம் தேசத்தில் 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த முதல் எட்டு இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. கிருமியை மருந்து அடக்கிய பிறகு, அந்தக் கடுமையான சித்தக் குலைவு அபூர்வமாகிவிட்டது. லேசான தடுமாற்றம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. கிருமியை அடக்கினால் புத்தி பிழைக்கிறது என்றால், புத்தியைக் கெடுத்ததில் கிருமிக்குப் பங்கு இருந்தது என்றுதானே அர்த்தம்?

அக்கியின் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்தில் நடந்த ஒன்றைப் படித்தபோது நான் புஸ்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கே 2013 செப்டம்பர் 1-ல் முதியவர்களுக்கு அக்கித் தடுப்பு ஊசி போட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் போடவில்லை, ஒரு கோடு கிழித்தார்கள். 1933 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு; அதற்கு முந்திப் பிறந்தவர்களுக்கு என்றைக்கும் இல்லை. அடுத்தடுத்த வீட்டில் இரண்டு கிழவிகள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே மழை, ஒரே ரொட்டி. ஒருத்தி ஒரு வாரம் மூத்தவள், அவ்வளவுதான் வித்தியாசம். மூத்தவளுக்கு ஊசி இல்லை, இளையவளுக்கு உண்டு. பிறந்த தேதியைப் பார்த்துப் பலன் சொல்வதை நாம் ஜோசியம் என்போம். அங்கே அது பரீட்சையாகிவிட்டது. சுமார் 2,80,000 பேரை ஏழு வருஷம் தொடர்ந்து பார்த்து, 2025 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதாக டிமென்ஷியா வருவது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பலன் அதிகம்.

ஏன் என்பதற்குப் பல யோசனைகள் சொல்கிறார்கள். கிருமி விழிக்கும்போது ரத்தக் குழாய்கள் வீங்குவதாலா? நரம்பு மண்டலத்தில் மூளும் அழற்சி ஆறாமல் கனன்றுகொண்டிருப்பதாலா? அல்லது ஊசியே உடம்பின் காவலைப் பொதுவாக உசுப்பிவிடுகிறதா? இன்னும் முடிவாகவில்லை. எதிர்ச் சாட்சியும் உண்டு. உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான கிருமி அக்கிக் கிருமிக்குப் பங்காளி; அதுவும் நரம்பில் குடியிருக்கிறது. அல்ஸைமர் வியாதியின் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி குறையவில்லை என்று 2025-ல் சொல்லிவிட்டார்கள். தீ பிடித்து எரிந்த பிறகு தீக்குச்சியைத் தேடி அணைப்பதில் பிரயோஜனம் இல்லையோ, அல்லது தீக்குச்சி அதுவே அல்லவோ.

ஆகவே அத்தையின் மறதியை அக்கியின் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு எழுபத்தாறு வயது, ரத்த அழுத்தம் இருந்தது, ஒரு காது மந்தம். ஆயிரம் பேரைப் பற்றித் தெரிந்தது ஒருத்தியைப் பற்றி எதையும் நிச்சயமாகச் சொல்லாது. மேலும், அக்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது. அக்கி குற்றவாளி என்றால் நான் வெறும் சாட்சி.

அது இல்லை. மறதி எதனால் வந்ததோ, அது டாக்டர்கள் பாடு. அத்தை பேச்சை நிறுத்தியது என்னால்.

நாம் மறதியை ஒரு குணக் கேடாகவே பாவிக்கிறோம். 'கவனம் இல்லை', 'அக்கறை இல்லை', 'வேணுமின்னே செய்யறா' என்கிறோம். காலை உடைத்துக்கொண்டவனை 'ஏன் நடக்கவில்லை?' என்று அதட்டுகிறவர்கள் நம்மில் இல்லை. ஞாபகம் உடைந்தவளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதட்டுகிறோம். ஞாபகமும் காலைப்போலச் சதையால் ஆனதுதான், ரத்தம் ஓடினால் ஓடும், வீங்கினால் நொண்டும் என்று எனக்குத் தெரிய, எனக்கே முருங்கைக்காய் மறக்க வேண்டியிருந்தது. என் ஞாபகம் என் சொந்த வீடு என்று நினைத்திருந்தேன். அதில் என்னைக் கேட்காமல் குடிவந்தவர்கள் எத்தனை பேரோ!

எனக்கு இன்னும் மூன்று வருஷத்தில் ஐம்பது ஆகும். அக்கித் தடுப்பு ஊசி ஐம்பது வயதானவர்களுக்கு என்று 2023 முதல் நம் தேசத்திலும் விற்கிறார்கள். வேல்ஸில் போட்டது பழைய ரகம், இது புது ரகம். இரண்டு தடவை போட்டுக்கொள்ள வேண்டும். விலை லேசானதல்ல. டாக்டரைக் கேட்டேன். "அக்கியோட வலி வராம இருக்கறதுக்காகவே போட்டுக்கலாம். ஞாபகத்துக்கும் நல்லதுன்னா லாபம்னு வெச்சுக்குங்க" என்றார். நியாயமான பேச்சாகப் பட்டது. ஒரு தொடர்கதைப் பணத்தை ஒதுக்கி வைக்க உத்தேசம்.

இப்போது மேஜையில் ஒரு நோட்டுப் புஸ்தகம் இருக்கிறது. பாத்திரங்களின் பெயர், உறவு, இறந்த அத்தியாயம் எல்லாம் அதில் உண்டு. உதவி ஆசிரியர் மாதம் ஒரு தடவையாவது, "யாரும் திரும்பி வரலையே சார்?" என்று விசாரித்துக்கொள்கிறார். எங்கள் இருவருக்குள் அது ஒரு நமஸ்காரம்போல் ஆகிவிட்டது.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜட்காக்கார பாயின் கதையை இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று கேட்க ஆள் இல்லை. தாத்தா, பாட்டி, அப்பா, அத்தை, எல்லோரும் போய்விட்டார்கள். ஆனால் குதிரைக்கு ராத்திரியில் புல் வாங்க வேண்டும் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இது எழுத்தாளன் புனைகிற விஷயமல்ல. ஜட்காவில் உட்கார்ந்து போனவர்களுக்குத்தான் குதிரையின் பசி தெரியும்.

நாவல் மறு பதிப்பு வரப்போகிறது. அந்தப் பக்கத்தை அத்தை சொன்னபடி திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.